துல்பாவின் மைக்கண்ணி

கெய்ரோவின் பூலாக் பேட்டையில் ஒருவனுடைய பேச்சை நம்ப வேண்டாம் என்று சொல்ல, நீட்டி முழக்கத் தேவையில்லை. 'அவன் புறா வளர்க்கிறவன்' என்றால் போதும். புறாக்காரனின் சாட்சி கோர்ட்டில் செல்லாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. ஒருமுறை மாடிப்படிச் சண்டை ஒன்றுக்குச் சாட்சி சொல்ல மெத்வல்லி போயிருந்தான். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "ஐயா, இவர் மொட்டைமாடியில நாப்பது புறா இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நீதிபதி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மெத்வல்லியும் சிரித்தான்.

முப்பத்தோரு வருஷம் அவன் செய்த வேலை எரிவாயு சிலிண்டர் தூக்குவது. சைக்கிளின் இரண்டு பக்கமும் இரண்டு சிலிண்டர், கையில் ஒரு ஸ்பேனர். சந்துக்குள் நுழையும்போது ஸ்பேனரால் சிலிண்டரைத் தட்டுவான். அந்தச் சத்தத்துக்குப் பெண்கள் பால்கனியிலிருந்து தலை நீட்டுவார்கள். ஐந்தாவது மாடி என்றாலும் முகம் சுளிக்காமல் தோளில் ஏற்றிக்கொண்டு போவான். இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் இறங்கிப்போனது அப்படித்தான். ஆனால் சாயங்காலத் தொழுகை முடிந்துவிட்டால் அவன் யாருக்கும் கிடைக்க மாட்டான். மொட்டைமாடியில், தானே பலகை பலகையாக அறைந்து எழுப்பிய புறாக் கோபுரத்தின் உச்சியில், சிவப்புக் கொடியோடு நின்றிருப்பான். மகன் நபீல் பிறந்த செய்தி அவனுக்கு அங்கேதான் வந்தது. அந்த மகன் வேலைக்கு ஜித்தாவுக்குக் கிளம்பியபோதும், விமான நிலையத்துக்குப் போகாமல், எந்தப் பக்கம் பறக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டு அங்கிருந்தேதான் பார்த்தான்.

"நான் புறாவாப் பொறந்திருந்தா என்னை ராணி மாதிரி வச்சிருப்ப," என்பாள் மனைவி இன்ஷிராஹ்.

"நீ புறாவா இருந்திருந்தா மீன்காரன் துல்பா பிடிச்சிட்டுப் போயிருப்பான். ரெண்டே நாள்ல திருப்பிக் கொண்டாந்து விட்டிருப்பான்."

மீன்காரன் துல்பாவின் வீடு நைல் நதிக்கரையில், நான்கு தெரு தள்ளி இருந்தது. அவனுக்கும் ஒரு கோபுரம், பச்சைக் கொடி. இருபது வருஷமாக இருவருக்கும் போர். அடுத்தவன் கூட்டத்திலிருந்து வழிதவறி உன் மாடியில் இறங்கும் புறா உன்னுடையது என்பதுதான் மொட்டைமாடிகளின் சட்டம். கேட்க வரக் கூடாது, வந்தாலும் கொடுக்கக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒருவன் வீட்டில் சாவு விழுந்தால் மூன்று நாள் போர் கிடையாது. அந்த நாட்களில் வந்து இறங்கும் புறாவைப் பிடித்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

துல்பாவின் அண்ணன் இறந்த இரண்டாம் நாள், துல்பாவின் பெட்டைப் புறா ஒன்று மெத்வல்லியின் மாடியில் வந்து இறங்கியது. உடம்பு முழுக்கப் பால் வெள்ளை. கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல் கருப்பு வளையம். பேட்டையிலேயே அப்படி ஒன்று கிடையாது. மெத்வல்லி அதன் இறகைக் கத்தரித்துக் கூண்டில் போட்டான். நாலாம் நாள் துல்பா டீக்கடைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"மைக்கண்ணி உன்கிட்ட இருக்கா? சாவு வீட்டுக்காரன் கேக்கறேன்."

"இல்ல."

"சத்தியம் பண்ணு."

"என்கிட்ட இருந்துச்சுன்னா என் பொண்டாட்டிக்கு முத்தலாக்," என்றான் மெத்வல்லி.

அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது. துல்பா எழுந்து போய்விட்டான். மைக்கண்ணியை ஒரு சாம்பல் நிறச் சேவல் புறாவோடு ஜோடி சேர்த்து, முட்டை வைக்க வைத்து, இந்த மாடியைத் தன் மாடி என்று நம்ப வைக்க மெத்வல்லிக்கு ஏழு மாதம் ஆனது. மூன்று வருஷமாக அதைக் கோபுரத்தின் உள்ளறையிலேயே வைத்திருந்தான். இன்ஷிராஹுக்குப் புறாவையும் தெரியாது, சத்தியத்தையும் தெரியாது.

செத்தவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கிய முதல் வாரம் ஊர் சிரிக்கத்தான் செய்தது. "செத்தவங்க வீதிக்கு வர்றது நமக்குப் புதுசா? தேர்தலுக்குத் தேர்தல் வந்து ஓட்டுப் போட்டுட்டுத்தானே போறாங்க," என்றார் சலூன்காரர். இரண்டாம் வாரம் அவரே அந்த வரிசையில் நடந்து வந்தார், கழுத்தில் துண்டோடு. அப்போதிலிருந்து அவர்களுக்கு 'வாக்காளர்கள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

மெத்வல்லி இருந்த ஆறு மாடிக் கட்டடத்தில் மிஞ்சியது மூன்று பேர். மெத்வல்லி, இன்ஷிராஹ், மூன்றாம் மாடித் தையல்காரி மதாம் விக்டோரியா. விக்டோரியா விதவை, வயது அறுபத்திரண்டு. அந்தக் களேபரத்திலும் ஊசிப் பெட்டியையும் மரியன்னை படத்தையும் மறக்காமல் மொட்டைமாடிக்குக் கொண்டுவந்திருந்தாள். படிக்கட்டின் உச்சிக் கதவை அடைத்து, அதற்குப் பின்னால் மெத்வல்லி தன் காலிச் சிலிண்டர்கள் பதினெட்டை அடுக்கியிருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் கட்டடத்தின் மற்றவர்கள் இருந்தார்கள். இரவும் பகலும் உரசிக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் போடக் கூடாது. அதைப் பக்கத்து மாடியைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஹெலிகாப்டர் ஒன்று போனபோது அந்த மாடிக் குடும்பம் கையைத் தட்டிக் கத்தியது. ஹெலிகாப்டர் நிற்கவில்லை. கீழே இருந்தவர்கள் மொத்தமாக ஏறி வந்தார்கள். இப்போது அந்த மாடியிலும் உலர்த்திய துணிகளுக்கு நடுவே நான்கு வாக்காளர்கள் நடமாடுகிறார்கள்.

இருபத்து மூன்றாம் நாள் தொட்டித் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. காய்ந்த ரொட்டி தீர்ந்துவிட்டது. கொஞ்சம் பருப்பு இருந்தது. நாற்பது புறாவில் பதினெட்டைத் தின்றாகிவிட்டது. நம்பிக்கை என்று இருந்தது ஒன்றே ஒன்று. கோபுரத்தின் உச்சியில் ஏறிப் பார்த்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு ஆறு தெரியும். தினமும் காலையில் அந்த இடைவெளியில் ஒரு சாம்பல் நிறப் படகு வந்து நிற்கும். அதில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவன் நின்றிருப்பான். மத்தியானம் போல் படகு போய்விடும். மறுநாள் காலையில் மறுபடி வரும்.

"ஆள் ஏத்திட்டுப் போறாங்க," என்றான் மெத்வல்லி. "துல்பா வீட்டு வாசல்லதான் நிக்கிது. இந்தச் சந்துக்குள்ள உயிரோட ஆள் இருக்கறது அவங்களுக்குத் தெரியாது. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

துல்பா உயிரோடு இருந்தான். அதில் சந்தேகமில்லை. தினமும் சாயங்காலம் அவன் கோபுரத்திலிருந்து புறாக்கூட்டம் எழும்பி, வட்டம் போட்டு இறங்கும். பதினைந்தாம் நாளிலிருந்து மெத்வல்லி சிவப்புக் கொடியை ஆட்டினான். தினமும் ஒரு மணி நேரம் ஆட்டினான். துல்பா பதிலுக்குப் பச்சைக் கொடியை ஆட்டினான். ஆட்டிவிட்டுக் கூட்டத்தைப் பறக்கவிட்டான்.

"அடப்பாவி, போருக்குக் கூப்பிடறேன்னு நெனச்சிட்டான்," என்றான் மெத்வல்லி, கோபுரத்திலிருந்து இறங்கி வந்து.

"வேற எதை நெனப்பான்? இருபது வருஷமா அதைத்தானே ஆட்டிட்டிருக்க," என்றாள் இன்ஷிராஹ்.

விக்டோரியா ஒரு படுக்கை விரிப்பில் கருப்புத் துணியால் எழுத்து வெட்டித் தைத்தாள். 'மூன்று பேர். உதவி.' துணி உலர்த்தும் கொடியில் தொங்கவிட்டார்கள். நான்கு தெரு தள்ளிப் பார்க்கிறவனுக்கு அது உலர்த்திய படுக்கை விரிப்பு. பூலாக்கில் எந்த மாடியில்தான் படுக்கை விரிப்பு தொங்கவில்லை?

அன்று மத்தியானம் மெத்வல்லி கோபுரத்தின் உள்ளறைக்கு முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு வந்து இன்ஷிராஹுக்கு எதிரே குந்தினான்.

"ஒரு வழி இருக்கு. சொன்னா நீ கோவப்படுவ."

"சொல்லு. கீழ இருக்கறவங்களைவிட நானா கடிச்சிருவேன்?"

சொன்னான். புறா தன் பிறந்த கூட்டுக்குத்தான் கடிதம் கொண்டுபோகும். துல்பாவின் புறா ஒன்று தன்னிடம் இருக்கிறது. அண்ணன் செத்த வீட்டுப் புறா. அதோடு, டீக்கடையில் போட்ட சத்தியத்தையும் சொன்னான்.

இன்ஷிராஹ் தோளில் கிடந்த துணியை எடுத்துத் தலையை மூடி, ஒரு முடி வெளியே தெரியாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். முப்பத்து நான்கு வருஷத்தில் கணவன் முன்னால் அவள் தலையை மூடியதில்லை.

"மூணு வருஷமா நான் அந்நிய ஆம்பளைக்கு ஆக்கிப் போட்டிருக்கேன்," என்றாள்.

"கோவத்துல போட்ட சத்தியம் செல்லாதுன்னு பள்ளிவாசல் ஷேக் சொல்லுவாரு."

"நீ கோவத்துலயா போட்ட? டீயைக் குடிச்சிட்டே போட்டிருப்ப."

"ஷேக்கைக் கேட்டாத்தான் தெரியும்."

"கேளு. அதோ, தையல் மெஷின் கடை வாசல்ல மோதிட்டு நிக்கறாரு. போய்க் கேட்டுட்டு வா."

விக்டோரியா ஊசியில் நூல் கோர்த்தபடி, "எங்க சபையில இந்தத் தொல்லையே இல்ல. பிடிச்சாலும் பிடிக்கலன்னாலும் சாகற வரைக்கும் ஒருத்தனோடதான்," என்றாள். கதவுப் பக்கம் பார்த்தாள். "செத்த பிறகு வந்து கதவைச் சுரண்டினாத்தான் என்ன செய்யறதுன்னு யாரும் சொல்லித் தரல." அவள் கணவன் செத்து ஒன்பது வருஷம். அவன் எழுந்து வரவில்லை என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி உண்டு.

சிகரெட் பெட்டியின் உள்தாளில் அவளே எழுதினாள். மெத்வல்லிக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். 'துல்பா, நாங்கள் மூன்று பேர் உயிரோடு இருக்கிறோம். படகுக்காரர்களிடம் சொல். மெத்வல்லி.' சுருட்டி, மைக்கண்ணியின் காலில் நூலால் கட்டினாள். பறவையைக் கையில் எடுத்தபோது அதன் நெஞ்சு மெத்வல்லியின் விரல்களுக்குள் அடித்துக்கொண்டது. மேலே வீசினான். மூன்று வருஷம் பறக்காத சிறகு முதலில் தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டது. ஒரு வட்டம் போட்டது. இரண்டாவது வட்டம் ஆற்றுப் பக்கம் அகன்றது.

மைக்கண்ணி திரும்பி வந்து கோபுரத்தின் வாசலில் இறங்கியது. சாம்பல் சேவல் கழுத்தை உப்பவைத்துக் குமுறி அதைச் சுற்றி வந்தது.

"என்ன இது?" என்றாள் இன்ஷிராஹ்.

"ஜோடி சேர்த்து வச்சது நான்தான்," என்றான் மெத்வல்லி. "நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கேன்."

அன்று மட்டும் நான்கு முறை பறக்கவிட்டான். நான்கு முறையும் அது சேவலிடம் திரும்பி வந்தது. சேவலைக் கூடையில் போட்டு மூடினான். மைக்கண்ணி கூடை மேல் வந்து உட்கார்ந்தது.

என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். அவன் கை போகவில்லை. புறாவைத் தின்னக் கொடுத்த பதினெட்டு முறையும் கழுத்தை அறுத்தது இன்ஷிராஹ்தான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பான். இந்த முறையும் அவள் எழுந்தாள். கூடைக்குள் கை விட்டு, "பிஸ்மில்லாஹ்," என்று சொல்லி, பெட்டைப் புறா பார்த்துக்கொண்டிருக்கவே அறுத்தாள். உடைந்த நாற்காலியை எரித்து, உப்பு மட்டும் போட்டு வேகவைத்தார்கள். மெத்வல்லிக்குத் தொடைப் பகுதியை வைத்தாள். தட்டைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்து நகர்த்தினாள்.

அன்று அவள் தொட்டிக்கு அந்தப் பக்கம், விக்டோரியாவோடு படுத்தாள்.

காலையில் மைக்கண்ணி கோபுரத்தின் ஒவ்வொரு அறையாக நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. மெத்வல்லி அதைப் பிடித்தான். காலில் நூல் அப்படியே இருந்தது. வீசினான். ஒரே வட்டம்தான். நேராக ஆற்றைப் பார்த்துப் போனது. துல்பாவின் கோபுரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக இறங்கியதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"போயிருச்சு," என்றான் மெத்வல்லி. அவன் குரல் உடைந்தது.

"எதுக்கு அழற? படகு வரப்போகுதுன்னா, புறா போச்சுன்னா?" என்று கேட்டாள் இன்ஷிராஹ்.

அன்று சாயங்காலம் துல்பாவின் கோபுரத்திலிருந்து கூட்டம் எழும்பவில்லை. இத்தனை நாளில் அதுதான் முதல் முறை. படகுக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பான் என்றான் மெத்வல்லி. விக்டோரியா ஊசிப் பெட்டியையும் படத்தையும் ஒரு துணியில் கட்டித் தயாராக வைத்தாள். தொட்டியில் தண்ணீர் இரண்டு சாண் இருந்தது. போகப்போகிறோம் என்ற தைரியத்தில் முகம் கழுவிக்கொண்டார்கள்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு ஒரு புறா வந்து கோபுரத்தில் இறங்கியது. செம்பு நிறச் சேவல், வால் வெள்ளை. மெத்வல்லி அதைப் பார்த்த மாத்திரத்தில், "திருட்டு நாயே!" என்றான். நான்கு வருஷத்துக்கு முன் காணாமல் போன அவனுடைய சேவல். துல்பா தன் கண் மேல் ஆணையிட்டு, பார்க்கவே இல்லை என்று சொன்ன அதே சேவல். அதன் காலில் மாத்திரை அட்டையின் தாள் சுற்றியிருந்தது.

விக்டோரியா பிரித்து, தாழ்ந்த குரலில் படித்தாள்.

"மெத்வல்லி. மைக்கண்ணி வந்துட்டா. உன்னைப் பத்தி என்ன சொல்லணுமோ அதை நேத்தே சொல்லி முடிச்சிட்டேன். படகு எதுவும் வரல. அது இருபது நாளா ஒரே கயித்துல கெடக்கு. காலையில தண்ணி வடக்க இழுக்கும், மத்தியானம் காத்து தெற்க தள்ளும். ஆரஞ்சுச் சட்டைக்காரன் மனுஷன் இல்ல, அவங்கள்ல ஒருத்தன். நீ கொடி ஆட்டினதைப் பார்த்து உங்க பக்கம் வழி திறந்திருச்சு, எங்களைக் கூப்பிடறேன்னு நெனச்சோம். அதான் நானும் ஆட்டினேன். என் மகன் ஃபத்ஹி போன வியாழக்கிழமை இறங்கி உங்க வீட்டுக்குக் கிளம்பினான். மூணு பேர்னு எழுதியிருக்க. அந்த மூணுல அவனும் உண்டா? வந்தானா?"

விக்டோரியா தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமையை மூன்று பேருக்கும் நினைவிருந்தது. மத்தியானத் தொழுகை நேரத்தில் சந்திலிருந்த அத்தனை வாக்காளர்களும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி, செருப்புக் கடை முனையை நோக்கி நகர்ந்தார்கள். சாயங்காலம் வரை அங்கேயே குவிந்து கிடந்தார்கள். வீட்டு வாசலில் கூட்டம் குறைந்ததைப் பார்த்து இவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அன்றைக்குத் தைரியமாக நெருப்பு மூட்டிப் பருப்பு வேகவைத்தார்கள்.

மெத்வல்லி தரையில் உட்கார்ந்தான். ஃபத்ஹியை அவனுக்குத் தெரியும். இருபத்தாறு வயது. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவான். சிலிண்டர் கொண்டுபோனால் பாதிப் படியில் எதிரே வந்து, "விடுங்க பெரியப்பா," என்று தோளிலிருந்து வாங்கிக்கொள்வான். அப்பனுக்கும் இவனுக்கும் போர் என்பதை அவன் ஒரு நாளும் பொருட்படுத்தியதில்லை.

"கொடியை ஆட்டினது நான்," என்றான் மெத்வல்லி.

விக்டோரியா தாளை நான்காக மடித்தாள்.

வெகுநேரம் கழித்து இன்ஷிராஹ் எழுந்து, தொட்டிக்குள் கம்பை விட்டு எடுத்துப் பார்த்தாள்.

"துல்பாவோட புறா இன்னும் எத்தனை வச்சிருக்க?"

அவன் கோபுரத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இப்பக்கூடப் பொய் யோசிக்கறியா? எத்தனை?"

"ஆறு."

"எல்லாத்துக்கும் சத்தியமா?"

"ரெண்டுக்குத்தான்."

"இந்தத் தண்ணி நாலு நாள் வரும். அவனுக்கு எத்தனை நாள் வருமோ." அவள் கம்பைச் சுவரில் சாய்த்தாள். "பையன் வந்துட்டான்னு எழுது."

மெத்வல்லி நிமிர்ந்து பார்த்தான். "அவன் கையெழுத்தைக் கேட்டா?"

"கையில அடி, கட்டுப் போட்டிருக்குன்னு எழுது. நாளைக்குக் கேட்டா தூங்கறான்னு எழுது. மறுநாள் பருப்பு சாப்பிட்டான்னு எழுது. நாலு நாளைக்கு நாலு புறா போதும்."

"நம்புவானா? நான் எழுதறதையா?"

"நம்பத்தான் ஆசைப்படுவான்." அவள் தலைத்துணியை இறுக்கிக்கொண்டாள். "சத்தியம் மட்டும் போடாத. போட்டா பொய்யின்னு கண்டுபிடிச்சிருவான்."

விக்டோரியா பென்சிலை எடுத்தாள். மெத்வல்லி கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டான். தன் கையெழுத்து என்று துல்பாவுக்குத் தெரிய வேண்டும் என்றான். சிகரெட் தாளை முழங்கால் மேல் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். பிறகு எழுந்து, துல்பாவின் புறாக்களில் ஜோடி சேராத ஒன்றைத் தேடிக் கோபுரத்துக்குள் போனான்.